பாசி பிடித்த கண்ணாடி

"அம்மா, மீனெல்லாம் மங்கிப் போயிடுத்து."

ராஜி இப்படிச் சொன்னபோது நான் அவளுக்கு மோசம்பி, நம்மூர்ச் சாத்துக்குடி, பிழிந்துகொண்டிருந்தேன். மத்தியான வேளை. கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிக்கொண்டு டிராம் திரும்பும் சத்தம் கீழே கேட்டது. டைபாய்டு ஜுரம் விட்டுச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஒன்பது வயதுப் பெண். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்ததால் யாரோ வீட்டுச் சின்னப் பையன் நம் கட்டிலில் வந்து படுத்திருப்பது போல இருந்தது.

"மங்கிப் போறதுன்னா?" என்றேன்.

"புகைக்குள்ள நீந்தறாப்பல இருக்கு. வால்ல செவப்பு இருந்துதே, அது காணும்."

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து மீன் தொட்டியை மேலிருந்து எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. மீன்கள் வழக்கம்போல வளைய வந்துகொண்டிருந்தன. வாலில் சிவப்பும் நீலமும் நன்றாகத் தெரிந்தன.

எனக்குத் தெரிகிறது. அவளுக்குத் தெரியவில்லை.

கிண்ணம் சாய்ந்து சாறு முழுதும் தரையில் ஓடியதை அப்புறம்தான் பார்த்தேன்.

சைவ வீட்டில் மீன்

முன்பு ஓர் அத்தியாயத்தில் போகிற போக்கில் மீன் தொட்டி என்று எழுதிவிட்டேன். "உங்கள் வீட்டில் மீனா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கேள்விக்குப் பின்னால் அவர் போட்டிருந்த ஆச்சரியக்குறிகளைப் பார்த்தால் பதில் சொல்லாமல் விடக் கூடாது என்று தோன்றுகிறது.

உலக யுத்தம் தொடங்கிய புதிதில் என் கணவரின் ஆபீஸ் துரை ஊருக்குக் கப்பலேறினார். வீட்டுச் சாமான்களைக் குமாஸ்தாக்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார். முண்டியடித்தவர்களுக்கு நாற்காலியும் அலமாரியும் கிடைத்தன. என் கணவர் மரியாதைக்காகப் பின்னால் நின்றார். கடைசியில் மிஞ்சியது இரும்புச் சட்டத்தில் நான்கு கண்ணாடி பதித்த ஒரு தொட்டி, அதனுள் ஒரு நீர்க்கொடி, விரல் நுனி அளவில் சில மீன்கள்.

தொட்டி கைவண்டியில் வந்தது. மீன்கள் பீங்கான் ஊறுகாய் ஜாடியில், என் கணவரின் மடியில், லோக்கல் ரயிலில் வந்தன. பக்கத்திலிருந்தவர், "எலுமிச்சங்காயா, மாங்காயா?" என்று கேட்டாராம். இவர் "மாங்காய்" என்று சொல்லிவிட்டாராம். தாதர் வரும் வரைக்கும் அந்த மனிதர் ஊறுகாய்ப் பக்குவம் கேட்டுக்கொண்டே வந்தாராம்.

மூன்றாவது மாடி ருக்மிணி மாமி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏண்டி அலமேலு, வெங்காயம்கூட நுழையாத ஆத்துல, நீ மீனையே கொண்டு வந்து கூடத்துல குடி வெச்சுட்டியே!"

என் கணவர் பேப்பரைத் தாழ்த்தினார். "மாமி, நம்ம கட்டடத்துக் கிணத்துல மலேரியாக்காரா கொசுப்புழுவைத் தின்னக் கொண்டு வந்து விட்டாளே, அதுவும் இதே ஜாதிதான். அந்தத் தண்ணியைத்தானே தினம் மடியாத் தூக்கிண்டு போறேள்?"

"அது சர்க்கார் மீன்" என்றாள் மாமி. "அதுக்கு தோஷம் கிடையாது."

அன்று முதல் மாமி வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவாள். எனக்கும் கூச்சம் இல்லாமலில்லை. தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் போவேன். ஆனால் ராஜிக்கு அந்த மீன்கள் என்றால் உயிர்.

வாசலில் நின்று சொன்ன கதை

காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது கண்ணைத் திறந்தால் அவள் தேடியது மீனைத்தான். அப்போது விமானத் தாக்குதல் பயத்துக்காக ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். பகலிலும் வீடு குகை மாதிரி இருக்கும். அவளுக்காக ஒரு ஜன்னலின் காகிதத்தை மட்டும் கிழித்து, அதன் எதிரே தொட்டியை வைத்து, அதை ஒட்டி அவள் கட்டிலைப் போட்டோம். வெயில் நேரே தொட்டிக்குள் விழும். படுத்தபடியே அவள் பார்ப்பாள். கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவில் ஆள் நிற்க இடம் கிடையாது. நாங்கள் மீனுக்குத் தீனி போடுவது, பார்ப்பது எல்லாம் மேலிருந்துதான்.

அந்த நாட்களில்தான் ருக்மிணி மாமி ஒரு கதை சொன்னாள். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள், அதுதான் அவளிடம் உள்ள கஷ்டம்.

"சுனாபட்டியில எங்க மச்சினர் ஆத்துக்குப் பக்கத்துல ஒரு பையன். இதே ஜுரம்தான். ஜுரம் விட்டுது, பையன் பிழைச்சான், எல்லாரும் கோவிலுக்குப் போனா. அப்புறம் பார்த்தா கொஞ்சம் கொஞ்சமாக் கண்ணு போயிடுத்து. முதல்ல கலர் போச்சாம். நீ கவலைப்படாதே."

முதலில் கலர் போச்சாம். ராஜி, வாலில் சிவப்பைக் காணோம் என்றாளே, அப்போது எனக்குள் கேட்டது மாமியின் குரல்தான்.

அன்று சாயங்காலமே டாக்டரை அழைத்து வந்தார் என் கணவர். இருட்டடிப்புக்காக விளக்கைச் சுற்றித் தொப்பி போட்டிருந்த காலம். அந்த மங்கல் வெளிச்சத்தில் டாக்டர் தலைமாட்டில் நின்று ராஜியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார்.

"மேலுக்கு ஒண்ணும் கோளாறு தெரியலை. உள்ளே நரம்பு அசந்திருந்தா இப்போ சொல்றதுக்கில்லை."

"கண் டாக்டர்கிட்ட அழைச்சிண்டு போகட்டுமா?"

"இப்போ மாடிப்படி இறக்கினா குடல்ல புண் கிளறிண்டுடும். அது இதைவிட ஆபத்து. கொஞ்ச நாள் போகட்டும். அதுவரைக்கும் எழுத்தைக் காட்டறேன், விரலைக் காட்டறேன்னு குழந்தையைச் சோதனை பண்ணாதேங்கோ அம்மா. கண்ணை அலட்டப்படாது. அவளா எதைப் பார்க்கறாளோ, பார்க்கட்டும்."

அவளாகப் பார்ப்பது மீன்களை மட்டும்தான். மறுநாள் காலையில் அதுவும் போயிற்று.

"இன்னிக்கு மீனே இல்லைம்மா. ஒரே பச்சையா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கஞ்சி வேண்டாம் என்றாள். கதை வேண்டாம் என்றாள்.

இதை எழுதும்போது ராஜி அடுத்த அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். "வெளிச்சம் போறுமாடி?" என்று இப்போதுதான் கேட்டுவிட்டு வந்தேன். "போறும்மா, எத்தனை தடவை கேட்பே?" என்று எரிந்து விழுந்தாள். எரிந்து விழட்டும். அந்தக் காலை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ஒரே தலையணை

என்ன செய்வதென்று தெரியாமல், கட்டிலில் அவள் பக்கத்தில் நானும் படுத்தேன். தட்டிக்கொடுத்தால் தூங்கிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் தலையணையிலேயே என் தலையையும் வைத்து, தொட்டிப் பக்கம் திரும்பினேன்.

மீன் இல்லை. ஒரே பச்சை.

ஒரு கணம் என் கண்ணும் போய்விட்டதோ என்றுதான் நினைத்தேன். பிறகு எழுந்து மேலிருந்து பார்த்தேன், மீன்கள் இருந்தன. மறுபடி படுத்தேன், இல்லை. கையை நீட்டித் தண்ணீருக்குள் விட்டு, கட்டிலைப் பார்த்த கண்ணாடியின் உட்பக்கத்தை விரலால் தடவினேன். வழுவழுவென்று வெல்வெட்டுத் துணி மாதிரி எதுவோ ஒட்டியது. விரல் போன இடத்தில் ஒரு கோடு, அந்தக் கோட்டில் ஒரு வால் ஆடிவிட்டுப் போனது.

"ஏன்னா! இங்கே ஓடி வாங்கோ!"

பூஜையிலிருந்தவர் விபூதிக் கையோடு வந்தார். "என்னடி? குழந்தைக்கு என்ன?"

"படுத்துப் பாருங்கோ."

அவரும் படுத்துப் பார்த்தார். "அட அசடே, பாசிடி இது! வெயில்ல வெச்சா பாசி பிடிக்காம என்ன பிடிக்கும்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பாதியில் நின்றுவிட்டது.

கண்ணாடியில் பாசி இருக்கிறது, சரி. அதனால் கண் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடுமா? பாசியும் இருந்து, கண்ணிலும் கோளாறு இருந்தால்? கண்ணாடியைச் சுத்தம் செய்து அவளைப் பார்க்கச் சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

மீனைப் பிடித்து வேறு பாத்திரத்தில் விடலாமே என்றார் அவர். முன்பு அப்படிப் பிடித்ததில் ஒன்று செத்துப்போய், ராஜி அழுது தீர்த்திருந்தாள். தொட்டியைத் திருப்பி வைக்கலாமே என்றார். நகர்த்தினால் மூலைகளில் ஒழுகும், ஒருமுறை பட்டிருக்கிறோம். இருந்த இடத்திலேயே, அந்தக் கண்ணாடியையே சுத்தம் செய்ய வேண்டும்.

தேங்காய் நாரும் சாம்பலும்

பழைய வேஷ்டியைக் கிழித்து மெல்லத் துடைத்தேன். மேலாக இருந்த வழவழப்பு சுருண்டு வந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், அடியில் கடுகு கடுகாகக் கரும்பச்சைப் புள்ளிகள். நூற்றுக்கணக்கில். துணிக்கு அசையவில்லை. நகத்துக்கும் அசையவில்லை.

"இப்போ எப்படி இருக்கு ராஜி?" டாக்டர் சொன்னதை மறந்து கேட்டுவிட்டேன்.

அரைமனதாகத் திரும்பிப் பார்த்தாள். "ஏதோ அசையறது. மீனான்னு சொல்லத் தெரியலை."

வாசலிலிருந்து ருக்மிணி மாமி குரல் கொடுத்தாள்: "துணியால துடைச்சா போகுமோ? பித்தளை அண்டா பாசி பிடிச்சா என்ன பண்ணுவோம்? தேங்காய் நார், அடுப்புச் சாம்பல், கொஞ்சம் புளி. கையில பலம் இல்லையா உனக்கு?"

எங்களுக்குத் தெரிந்த துலக்கல் அதுதான். வெள்ளிக்கு விபூதி, பித்தளைக்குப் புளி, மற்றதுக்கெல்லாம் சாம்பல். புளித் தண்ணீரில் மீன் செத்துப்போகும் என்று அதை மட்டும் விட்டேன். நாரைச் சாம்பலில் தொட்டு, நல்ல வேளையாக, ஜன்னலைப் பார்த்த பின்கண்ணாடியில் ஒரு மூலையில் முதலில் தேய்த்துப் பார்த்தேன்.

கிர்ரென்று ஒரு சத்தம். பல் கூசியது. துணியால் துடைத்துப் பார்த்தால் பிறை பிறையாக வெள்ளைக் கீறல்கள். புள்ளிகளில் பாதி அப்படியே இருந்தன.

அதே கையை முன்கண்ணாடியில் வைத்திருந்தால்? பாசி இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குப் போகும். கீறல் போகாது. கீறிய கண்ணாடி வழியாகப் பார்த்து அவள் மங்கல் என்று சொன்னால், அது கீறலா கண்ணா என்று எந்த டாக்டரிடம் போய்க் கேட்பேன்?

ஒருவேளை தேவைப்படலாம் என்று என் கணவர் வேறு கண்ணாடி விசாரிக்கத் தாராவிப் பக்கம் போய்விட்டு வேர்த்து வழிய வந்தார்.

"என்ன சொன்னான்?"

"'காச்சா? லடாயி முடிஞ்சப்புறம் ஆவோ, பாபுஜி'ங்கறான், சண்டை முடிஞ்சப்புறம் வாங்கறான். இருக்கற கண்ணாடியெல்லாம் மிலிட்டரிக்குப் போறதாம். முகம் பார்க்கற கண்ணாடி வேணா ஒண்ணு தரேன்னான். மீன் தலை வாரிக்கவான்னு கேட்டுட்டு வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராஜி சுவர்ப் பக்கமே திரும்பிக் கிடந்தாள்.

சவரத் தம்ளர்

சண்டையில் கிடைக்காமல் போனவற்றில் சவர பிளேடும் ஒன்று. ஒரு பிளேடை மாதக்கணக்கில் வைத்துக்கொள்ள ஆண்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். கண்ணாடித் தம்ளரின் உட்பக்கத்தில் தண்ணீர் தொட்டு, பிளேடைப் படுக்க வைத்து, விரலால் அழுத்தி இப்படியும் அப்படியும் தேய்ப்பார்கள். கூர் திரும்பி வந்துவிடும். எங்கள் கட்டடத்தில் காலையில் எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் அந்த 'சுர், சுர்' சத்தம் கேட்கும்.

மறுநாள் காலை அவர் அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோது நான் காபியோடு பக்கத்தில் நின்றேன். காபியைக் கீழே வைத்துவிட்டு அவர் கையிலிருந்த தம்ளரைப் பிடுங்கினேன்.

"என்னடி இது! முகமெல்லாம் சோப்பு!"

ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எத்தனையோ மாதமாகத் தினமும் பிளேடு படுகிற தம்ளர். கண்ணாடி நேற்று வாங்கியது போல் இருந்தது. ஒரு கீறல் இல்லை.

"ஏன்னா, இதுல ஏன் கீறல் விழலை?"

"ஏன் விழணும்? படுக்க வெச்சுன்னா தேய்க்கறேன். தண்ணி வேற இருக்கு."

"முனை பட்டா?"

"முனை பட்டா கீறும். எனக்குத் தேய்க்கத் தெரியாதா?"

"அந்த பிளேடைக் கொடுங்கோ."

"இன்னும் ஒரு கன்னம் பாக்கி இருக்குடி! பாதி சவரத்தோட ஆபீஸ் போனா என்னை மியூசியத்துல வெச்சுடுவா!"

அந்தக் கன்னம் முடியும் வரை பக்கத்திலேயே நின்று வாங்கிக்கொண்டேன்.

முதலில் பிளேடின் நான்கு முனைகளையும் துணி துவைக்கும் கல்லில் உரசி மழுக்கினேன். பழைய காலண்டர் அட்டையை மடித்து ஒரு பக்கத்துக்குப் பிடி செய்தேன். நேற்றைய கீறலுக்குச் சாம்பலில் இருந்த பொடிக்கல்தானே காரணம், தொட்டியின் அடியிலும் மணல் இருக்கிறதே என்று நினைத்து, கண்ணாடியை ஒட்டிக் கிடந்த மணலை மரக்கரண்டியால் உள்ளே தள்ளினேன். சொம்பால் பாதித் தண்ணீரை வாளியில் எடுத்து வைத்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தேன்.

கண்ணாடி மேல் பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, மேலிருந்து கீழே ஓர் இழுப்பு. சத்தமே இல்லை. பிளேடின் நுனியில் பச்சையாக ஒரு சுருள் எழுந்து வந்தது, கேரட் தோல் சீவுகிற மாதிரி. வாளித் தண்ணீரில் அலம்பிக்கொண்டு அடுத்த இழுப்பு. காய்ந்த இடத்தில் பிளேடை வைக்கவில்லை. அவசரம் வந்தபோதெல்லாம் கையை எடுத்துவிட்டு மூச்சு விட்டேன். மூலைகளில் பிளேடு திரும்பாது, அங்கே ஈரத் துணியைச் சுற்றிய மூங்கில் குச்சி. கீழே விழுந்த பச்சைச் சுருள்களை மீன்கள் பந்தி வைத்தது போல வந்து கொத்தின.

இடுப்பு ஒடிந்தது. அடுப்பு மூட்டவே இல்லை. என் கணவர் தானாகவே மோர் சாதம் பிசைந்து சாப்பிட்டு, ஆபீஸுக்குப் போகப் பையை எடுத்தார். எடுத்தவர் போகவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு கதவருகிலேயே நின்றார்.

கடைசிப் புள்ளியும் வந்தது. வாளியில் மேலாகத் தெளிந்திருந்த தண்ணீரை மெல்ல ஊற்றி, வெளிப்பக்கத்தையும் துடைத்தேன். கட்டில் ஓரமாகக் குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன். கீறல் ஒன்றுகூட இல்லை. அங்கே கண்ணாடி இருக்கிறதென்பதே தெரியவில்லை.

கொடிக்கு அடியில்

"ராஜி."

அசையவில்லை.

"ராஜிக் கண்ணு, இந்தப் பக்கம் திரும்பேன்."

திரும்பினாள். தொட்டியைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் புருவம் சுருங்கியது.

"அம்மா, இதெல்லாம் யாரு?"

"எதும்மா?"

"அந்தக் கொடிக்கு அடியில. குட்டிக் குட்டியா."

நான் கொடிக்கு அடியில் பார்த்தேன். தண்ணீர்தான் இருந்தது.

"அங்கே ஒண்ணும் இல்லையே ராஜி" என்றேன். இல்லாததெல்லாம் தெரிகிறதா குழந்தைக்கு?

"இருக்கும்மா! கண்ணு மட்டும் கறுப்பாத் தெரியறது பாரு. உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கு. ஒண்ணு, ரெண்டு... அது வேர் பின்னாடி ஒளிஞ்சுண்டுடுத்து. அப்பா, நீ பாரேன்!"

அவர் பையைக் கீழே போட்டுவிட்டு வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மூக்கு தொட்டியில் இடிக்கிற மட்டும் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"ஏன்னா, சொல்லித் தொலையுங்கோளேன்!"

"அடியே" என்றார், உள்ளுக்குள்ளிருந்து வருகிற குரலில். "குட்டி போட்டிருக்குடி! கொத்தமல்லி விதையில பாதிகூட இருக்காது. நிஜமாவே கண்ணு மட்டும்தான் தெரியறது. மூக்குக்கண்ணாடி போட்டும் எனக்கு ரெண்டுதான் ஆப்டுது. இவ படுத்துண்டே எண்ணறா!"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று கேட்டால், இரண்டையும் நன்றாகச் சத்தமாகவே செய்தேன். அந்தச் சத்தத்துக்கு ருக்மிணி மாமி இறங்கி ஓடி வந்தாள். வந்த வேகத்தில் வாசற்படியில் நிற்க மறந்து நேரே கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"என்னடி ஆச்சு? குழந்தைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை மாமி. மீன் குட்டி போட்டிருக்கு. கிட்டப் போய்ப் பாருங்கோ."

மாமி மடிப்புடவையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "எங்கேடி? ஒண்ணையும் காணுமே."

"மாமிக்கும் தெரியலை, அம்மாவுக்கும் தெரியலை!" என்று ராஜி கை தட்டினாள். ஜுரம் வந்த பிறகு அவள் கையைத் தூக்கியதே அன்றுதான். "அம்மா, உனக்குக் கண்ணே சரியில்லை. நீ டாக்டர்கிட்ட போய்க் காட்டு."

அன்று சாயங்காலமே போனேன். டிஸ்பென்ஸரியில் நல்ல கூட்டம். என்னைப் பார்த்ததும் டாக்டர் கையிலிருந்த ஸ்டெதஸ்கோப்புக் குழாயைப் போட்டுவிட்டு எழுந்தார். "என்ன அம்மா? குழந்தைக்குக் கண்ணு...?"

"குழந்தை சௌக்கியம் டாக்டர்! எனக்குத்தான். எனக்குத்தான் கண் சரியாகத் தெரியலை!" என்றேன், வாய் கொள்ளாத சிரிப்போடு. பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.